அண்ணனின் கைராசி

எருமைத் தயிரை மேலாகச் சுரண்டக் கூடாது, ஐயா. கரண்டியை ஓர் ஓரத்தில் அடிவரைக்கும் இறக்கி, ஒரே துண்டாக எடுக்க வேண்டும். மேலாகச் சுரண்டினால் ஏடு போய்விடும், தண்ணீர் விட்டுவிடும், அடுத்தவனுக்கு மிஞ்சுவது புளித்த கஞ்சிதான். போனமுறை நீங்கள் வந்தபோது உங்கள் சாப்பாட்டுப் பொதிக்குள் ஒரு சின்னச் சட்டித் தயிர் இருந்ததைக் கண்டேன். நீங்களும் சுரண்டித்தான் சாப்பிட்டிருப்பீர்கள். படித்தவர்கள் பலர் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள்.

குறை சொல்லவில்லை. சட்டத்தரணி சாஹுல் ஹமீட் நல்ல மனிதர் என்று இங்கே விளக்கமறியல் சிறையில் எல்லோரும் சொல்கிறார்கள். எருக்கலம்பிட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து, அந்த ஆடுகிற கதிரையில் இருந்துகொண்டு, “தம்பி, கோவத்துல கை நீண்டுட்டுது எண்டு ஒரு சொல் சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறன்” என்றீர்கள். திடீரென்று மூண்ட கோபம் என்றால் சட்டம் கொஞ்சம் இளகும் என்றும் விளங்கப்படுத்தினீர்கள்.

அந்தச் சொல்லைத்தான் என்னால் தர முடியாது. எனக்குக் கோபம் வருவதில்லை. நான் செய்த ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. காரணம் இல்லாமல் நான் ஒரு சட்டியைக்கூடக் கவிழ்த்தவன் அல்லன். எங்கள் ஊர் உயிலங்குளத்தில் ஆளுக்கொரு கதை கட்டிவிட்டிருப்பார்கள். அதனால் முதலிலிருந்து நானே சொல்கிறேன், காது கொடுத்துக் கேளுங்கள்.

பால் எப்படி உறைகிறது என்பதில் தொடங்க வேண்டும். வழக்கே அதில்தான் இருக்கிறது. பாலில் ஒரு சீனி இருக்கிறது. அதைத் தின்று புளிப்பாக மாற்றுகிற பக்டீரியாக்கள் இருக்கின்றன. புளிப்பு ஏற ஏறப் பாலின் புரதம் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிறது. அதைத்தான் நாம் தயிர் என்கிறோம். நேற்றைய தயிரில் ஒரு கரண்டியை எடுத்து இன்றைய பாலில் விட்டால், அந்தக் கரண்டிக்குள் இருக்கிற உயிர்கள் வேலையைச் செய்யும். அதற்குத்தான் உறை என்று பெயர். இதில் மந்திரமும் இல்லை, மாதாவின் அருளும் இல்லை.

ஆனால் எங்கள் ஊரில் அப்படிச் சொல்லமாட்டார்கள். கைராசி என்பார்கள். கலியாணவீட்டுக்கோ கோயில் திருவிழாவுக்கோ பெரிய கிடாரத்தில் பால் காய்ச்சினால், உறை ஊற்றுவதற்கென்று ஓர் ஆளைக் கூட்டிவருவார்கள். அவர் கரண்டி பிடிக்கக் கூடாது. சவர்க்காரம் போட்டுக் கை கழுவக் கூடாது. வெறுங்கையால் உறையை அள்ளி, பாலுக்குள் மணிக்கட்டுவரை விட்டு அலசிவிட வேண்டும். பார்க்கவே குமட்டும். உயிலங்குளத்தில் அந்த ஆள் என் அண்ணன் பத்திநாதன். இடது கையில் மூன்று விரல்தான் இருந்தன. மற்ற இரண்டையும் கடைசிச் சண்டையில் ஷெல் கொண்டுபோய்விட்டது. அந்த மூன்று விரல் கையைத்தான் ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடியது.

நானும் அவரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். ஒன்றாக வளர்ந்தவர்கள் அல்லர். சண்டை மூண்டு ஊர் ஓடியபோது அம்மா எங்கள் இருவரையும் பேசாலைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வள்ளக்காரன் எண்ணிப் பார்த்துவிட்டு ஒரு தலை கூட என்றான். அண்ணன் தண்ணீருக்குள் குதித்து இறங்கிவிட்டார். எருமைகளைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துவிடாமல் வந்துவிட்டோம், அவை கட்டிலேயே கிடந்து செத்துவிடும் என்று கத்திச் சொல்லிக்கொண்டு, வழியனுப்பக் கரைக்கு வந்திருந்த அப்பாவிடம் திரும்பிப் போனார். நான் அம்மாவோடு இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் வளர்ந்து, தமிழ்நாட்டுக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்தேன். முகாம்காரனுக்கு அந்தப் பட்டத்தை யாரும் தட்டில் வைத்து நீட்டுவதில்லை. அண்ணன் வன்னிக்குள் அகப்பட்டு, அப்பாவை ஒரு வாய்க்கால் கரையில் புதைத்து, விரல்களைத் தொலைத்து, முள்கம்பி முகாமுக்குள்ளும் இருந்துவிட்டு வந்தார். அவரவருக்கு ஓர் அளவு கிடைத்தது.

அண்ணி ஜூலியட் ஒருமுறை சாடையாகச் சொன்னார், அண்ணன் இறங்கியதால்தான் எனக்கு வள்ளத்தில் இடம் கிடைத்தது என்று. அவர் எருமைகளுக்காகத்தான் இறங்கினார் என்பதை நான் அண்ணிக்கு நினைவூட்டினேன். யாருக்கும் கடன்பட்டவனாக இருப்பது எனக்குப் பிடிக்காது.

சண்டை ஓய்ந்து, மீள்குடியேற்றம் தொடங்கிச் சில வருடங்கள் கழிந்தபின் நான் திரும்பி வந்தேன். சட்டைப் பைக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. அதற்குள் உலர்த்திய வெள்ளைத் தூள். என் உறை. கல்லூரி ஆய்வுகூடத்தில் நானே பிரித்தெடுத்து, ஒரேயோர் உயிரிலிருந்து பெருக்கியது. அத்தனையும் அந்த ஒன்றின் நகல்கள். ஒன்றின் மரபணுவை வாசித்தால் எல்லாவற்றையும் வாசித்தாயிற்று. அண்ணியின் குசினிச் சட்டிக்குள் என்னென்ன இனங்கள் எந்தக் காலத்திலிருந்து குடியிருக்கின்றன என்று கடவுளுக்கும் தெரியாது. என் உறை அப்படியல்ல, சுத்தமான ஒரே குலம்.

அதற்குப் பாற்சீனியைத் தின்னும் திறமை ஒரு தனிச் சின்ன வளையத்தில் இருக்கிறது. மற்ற மரபணுக்களோடு ஒட்டாத வளையம். வேறு சீனியைக் கொடுத்து வளர்த்தால், தேவையில்லாத சுமை என்று அந்த வளையத்தைத் தொலைத்துவிடும். பிறகு பாலுக்குள் விட்டாலும் சாப்பாட்டுக்கு நடுவில் பட்டினி கிடக்கும். அதனால் நான் அதைத் தெளிந்த பாற்சீனி நீரில், தட்டுத் தட்டாக, பார்த்துப் பார்த்து வளர்த்தேன். பெற்ற பிள்ளையைக்கூட ஒருவரும் அப்படிப் பார்க்கமாட்டார்கள்.

வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று அண்ணனின் வளவில், வீட்டோடு சேர்ந்த காணியில், தயிர் நிலையம் கட்டித் தந்தது. வெள்ளைச் சுவர், பால் தொட்டி, காய்ச்சும் அடுப்பு, உறைக்கென்று ஒரு தனி அறை. அந்த அறைக்கு நான் ஒரு புற ஊதா விளக்குக் கேட்டு வாங்கினேன். நீல வெளிச்சம், காற்றிலுள்ள கிருமிகளைக் கொல்லும். தட்டுகளின் மூடியைத் திறந்து வேலை செய்யும்போது மாட்டுத் தொழுவத்துக் காற்று உள்ளே வருமே, அதனால் விளக்கை அணைக்காமலே வேலை செய்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டேன். சுத்தம் என்பது எங்கள் ஆட்களுக்கு விளங்காத விஷயம். நான்தான் விளங்கவைக்க வேண்டியிருந்தது.

முதலில் அந்தக் கன்று. ஒருநாள் கதவைத் திறந்துபோட்டுவிட்டார்கள். அண்ணனின் எருமைக்கன்று உள்ளே வந்து உறைப் பாத்திரத்துக்குள் மூஞ்சியை வைத்துவிட்டது. கதவுக்கு முட்டுக்கொடுக்க வைத்திருந்த இரும்பு அலவாங்கு கைக்கு எட்டியது. கன்றின் நெற்றியில் அடித்தேன். கன்றின் மண்டை நாம் நினைப்பதைவிடக் கெட்டி. விழுந்தும் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது, கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் தொடர்ந்து அடிக்க வேண்டியிருந்தது. வெள்ளைச் சுவரெல்லாம் தெறித்துவிட்டது. பிறகு நானே கழுவினேன். அண்ணி ஓடிவந்து வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார். அண்ணன் கன்றின் பக்கத்தில் குந்தி அதன் காதைத் தடவிவிட்டு, கொஞ்ச நேரத்தில் எழும்பினார்.

“தாய் எருமை மிதிச்சுப் போட்டுது எண்டு சொல்லு, ஜூலி. ஆர் கேட்டாலும் அப்பிடியே சொல்லு.”

அவர் ஏன் பொய் சொன்னார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. நான் மறைப்பதற்கு ஒன்றும் செய்திருக்கவில்லை.

தொடக்கத்தில் தயிர் அழகாக உறைந்தது. பிறகு மெல்ல மெல்லக் கைவிட்டது. காலையில் சட்டியைத் திறந்தால் பால் பாலாகவே இருக்கும், அல்லது அரைகுறையாகத் திரைந்து நாறும். வெப்பத்தைச் சரிபார்த்தேன். மாடுகளுக்குக் கிருமி கொல்லும் மருந்தூசி போட்டிருக்கிறார்களா என்று விசாரித்தேன். வளையத்தைத் தொலைத்துவிட்டதோ என்றும் சோதித்தேன்; தொலைக்கவில்லை. என் பக்கத்தில் பிழை இல்லை என்று உறுதியானதும், மிஞ்சியிருந்தது ஒன்றுதான். மனிதக் கை.

பாத்திரம் கழுவியவர் லெட்சுமணன். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய கூலியாள், அண்ணனின் வளவோரத்தில் கொட்டில் போட்டு மனைவி அருளம்மாவோடு இருந்தார். நல்ல உழைப்பாளி. வெற்றிலை போடுவார். கையைக் காட்டச் சொன்னேன்.

“நல்லாக் கழுவிட்டேங்க, சார். சவுக்காரம் போட்டுத்தாங்க கழுவினேன்” என்றார்.

அவர் பொய் சொன்னதாக நான் சொல்லவில்லை. கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. பாலை எண்பது பாகையில் வைத்துத்தான் நாங்கள் கிருமி நீக்குகிறோம். பாத்திரமானால் என்ன, கையானால் என்ன, கிருமிக்கு எல்லாம் இருப்பிடம்தான். அவருடைய மணிக்கட்டைப் பிடித்துத் தொட்டிப் பாலுக்குள் வைத்தேன். கொதிக்கிற பாலுக்குள் அமுக்கியதாகப் பொலிசில் பேசிக்கொள்கிறார்கள். அது பிழை, ஐயா. கொதிப்பதற்கு இன்னும் இருபது பாகை இருந்தது. லெட்சுமணன் மிகவும் சத்தம் போட்டார். முழங்காலில் விழுந்தார், நான் கையை விடவில்லை. போதுமான நேரம் ஆகுமுன் அண்ணன் ஓடிவந்து என்னைச் சுவரோடு தள்ளிவிட்டார். கை வெளியே வந்தபோது தோல் வரவில்லை. அது ஏடுபோலப் பாலில் மிதந்தது. அந்தப் பால் முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று.

அண்ணன் அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றி மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழுக்கி விழுந்து கையைத் தொட்டிக்குள் விட்டுவிட்டார் என்று அங்கே சொன்னார். அருளம்மாவுக்கும் அதையே சொன்னார். லெட்சுமணனும் ஆமாம் என்று தலையாட்டினார். குடியிருந்தது எங்கள் வளவில் அல்லவா. பின்னேரம் அண்ணன் என்னிடம் வந்தார். வழக்கமாக என்னைப் ‘புரொபெசர்’ என்று பகிடி பண்ணுகிறவர், அன்றைக்குப் பகிடி பண்ணவில்லை.

“தம்பி, முகாமில நீ என்ன பட்டியோ எனக்குத் தெரியாது. நான் பட்டது உனக்குத் தெரியாது. அதெல்லாம் இருக்கட்டும். இனி ஆரிலையும் கை வைக்காதை. தயிர் உறையும். நான் பாக்கிறன்.”

“நீங்கள் என்னத்தைப் பாக்கப் போறியள், அண்ணை? இது விஞ்ஞானம்” என்றேன்.

“ஓமடா, விஞ்ஞானந்தான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்தநாள் தயிர் உறைந்தது. அதற்கடுத்த நாளும் உறைந்தது. கத்தியால் வெட்டலாம்போல, ஏடு கட்டி, வாசமாக உறைந்தது. லெட்சுமணனின் கைதான் காரணம் என்பது நிரூபணமாயிற்று. நான் செய்தது கடுமை என்று ஒருவர் சொல்லலாம், பலன் கிடைத்ததே. அருளம்மா வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டியபோதும் இதைத்தான் பொறுமையாக விளங்கப்படுத்தினேன்.

அந்த ஆவணியில் மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போன யாத்திரிகர்களுக்கு எங்கள் தயிர் போயிற்று. உதவி நிறுவனத்தார் வந்து சாப்பிட்டுப் பார்த்துவிட்டு எனக்கு மாலை போட்டார்கள். அண்ணனும் கை தட்டினார். மேடையில் நான் என் உறையைப் பற்றி, சுத்தக் குலத்தைப் பற்றிப் பேசினேன். ஆட்கள் வாய் பிளந்து கேட்டார்கள். ஐயா, உள்ளதைச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்த நாள் அது ஒன்றுதான். கூட்டம் கலையும்போது முன்வரிசையில் இருந்த ஒரு கிழவி மட்டும், “இது பத்திநாதன்ர கை ஊத்தின தயிர் மாதிரியெல்லோ கிடக்குது” என்று பக்கத்து ஆளிடம் சொன்னாள். அது என் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு எனக்கு நித்திரை சரியில்லை. கைராசி என்கிற பேச்சை அடியோடு அறுக்க வேண்டும் என்று நினைத்தேன். பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற றஞ்சிதம் எனக்குப் பழக்கமானவர். என் குப்பி உறையிலும், நிலையத்துத் தயிரிலும் கொஞ்சம் கொஞ்சம் அவருக்கு அனுப்பினேன். மரபணுவைப் பார்த்து, இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டால் போதும். ஊரின் வாய் அடங்கிவிடும்.

இனி அன்றைய காலை. பொலிசில் நான் சொன்னது இதுதான். உறை அறைக்குப் போகும் வழியில் தொட்டிப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அண்ணன் தொட்டியின்மேல் குனிந்து நின்றார். மூன்று விரல் கை மணிக்கட்டுவரை பாலுக்குள். வலது கையில் அண்ணியின் கரிபிடித்த குசினிச் சட்டி, அதற்குள் வீட்டுத் தயிர். கையும் களவுமாக அகப்பட்டுவிட்டார். என் சுத்தக் குலத்துக்குள் ஊர் அழுக்கைக் கலந்துகொண்டிருந்தார். என் உறை நோய்ப்பட்டதற்கு அந்தச் சட்டிதான் காரணம் என்று உடனே விளங்கியது. ஒரு நோயின் ஊற்றைக் கண்டால் அடைக்க வேண்டும். அவ்வளவுதான்.

அடுப்பை அணைத்தேன். கதவைச் சாத்தினேன். முட்டுக்கொடுத்திருந்த அலவாங்கு அதனால் சும்மா ஆயிற்று, அதை எடுத்தேன். அடுப்பை அணைத்ததை நீங்கள் கவனிக்க வேண்டும். கோபக்காரன் அடுப்பை அணைப்பதில்லை, ஐயா.

முதல் அடி இடது முழங்கையில். பாலுக்குள் போகிற கையை முதலில் நிறுத்துவதுதான் என் எண்ணம். எலும்பு முறிந்த சத்தம் ஈர விறகு முறிவதுபோல இருந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். “தம்பி” என்றார். தடுப்பதற்கு ஒரு கை உயரவில்லை. மற்றக் கையில் சட்டி. அதைக் கீழே போட்டுவிட்டுத் தடுத்திருக்கலாம். போடவில்லை. தயிர் சிந்திவிடக் கூடாது என்பதுபோல நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது அடி தோளில் சறுக்கியது. அதற்குப் பிறகு தலைதான். தொட்டி விளிம்பில் விழுந்து, சரிந்து, நிலத்தில் இருந்துகொண்டு, எழும்ப முயன்றார். வாயால் இரத்தம் வந்தது. சட்டி அப்போதுதான் உடைந்தது. தலையில் இத்தனை அடி என்று டொக்டர் சொன்னதை நான் மறுக்கவில்லை. கன்றுக்கு அதைவிடக் கூட.

இவ்வளவும்தான் பொலிசுக்கு. நீங்கள் போனமுறை எழும்பிப் போகும்போது ஒரு கேள்வி கேட்டீர்கள். “அந்த றஞ்சிதம் டீச்சர் உங்களுக்கு ஃபோன் எடுத்தது முந்தியா, பிந்தியா?” என்று. பொலிசுக்குப் பிந்தி என்று சொல்லியிருந்தேன். முந்தித்தான், ஐயா. தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது எடுத்தார்.

“சாந்தரூபன், உங்கட உறைக்கு வெளியில இருந்து ஒரு நோயும் வரேல்லை” என்றார். “அதின்ர மரபணுவுக்குள்ளயே ஒரு வைரஸ் கிடக்குது. நித்திரையில கிடக்குது. புற ஊதா வெளிச்சம் பட்டால் முழிச்சிடும். அங்க அப்பிடி லைற் ஏதும் போடுறனீங்களோ?”

இல்லை என்றேன்.

வைரஸ் என்றால் வெளியிலிருந்து வந்து தாக்குவது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இந்த வகை அப்படியல்ல. எப்போதோ ஒரு மூதாதை உயிருக்குள் நுழைந்து, அதன் மரபணு இழையோடு தன்னையும் கோத்துக்கொண்டு படுத்துவிடும். தாய் இரண்டாகப் பிரியும்போது அதுவும் சேர்ந்து பிரியும். ஒரு தொந்தரவும் இராது. பார்க்க நல்ல, சுத்தமான குலம். வெளிச்சம் பட்டு மரபணு காயப்பட்டால் மட்டும் எழும்பும். எழும்பினால், இத்தனை காலம் தன்னை வைத்திருந்த வீட்டையே உள்ளிருந்து உடைத்துக்கொண்டு வெளியே வரும். நான் விளக்கைப் போட்ட ஒவ்வொரு முறையும் என் தட்டுகளில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. அதற்காக விளக்குப் போட்டவனைப் பிழை சொல்ல முடியாது. அது சுத்தத்துக்கான விளக்கு.

றஞ்சிதம் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“இன்னொண்டு. நீங்கள் அனுப்பின தயிரில உங்கட உறை பேருக்கும் இல்லை. வேற ஏழெட்டு இனம் கிடக்குது. வீட்டுத் தயிர் மாதிரி. ஒண்டுக்கு ஒரு வைரஸ் வந்தாலும் மற்றதுகள் வேலையைப் பாக்கும், அதுதான் அந்த மாதிரி உறைஞ்சிருக்குது. நல்ல தயிர். ஆரோ உங்களுக்கு உதவி செய்யினம் போல” என்று சொல்லிச் சிரித்தார்.

ஆகவே நான் அண்ணனைத் தற்செயலாகப் பிடிக்கவில்லை. தேடித்தான் போனேன். போய்க் கேட்டேன்.

“அண்ணை, நீங்களோ ஊத்திறது?”

அவர் கையைப் பாலிலிருந்து எடுக்கவில்லை. கள்ளம் அகப்பட்ட பிள்ளைபோலச் சிரித்தார்.

“ஓமடா. லெட்சுமணன்ர கை வெந்த அண்டையில இருந்து நான்தான். உன்ர தண்ணி வேலை செய்யேல்லை, தம்பி. சொன்னால் நீ தாங்கமாட்டாய். தயிர் உறையாட்டி நீ அடுத்த ஆளைப் பிடிப்பாய். அது ஜூலியாய் இருந்தால் நான் என்ன செய்யிறது?”

“ஊருக்குச் சொன்னனீங்களோ?”

“ஏன் சொல்லுறன்? உன்ர உறை எண்டுதான் எல்லாரும் நம்புகினம். அப்பிடியே இருக்கட்டும். மாலை உனக்குத்தான் வடிவு.”

அந்த இடம்வரைக்கும் நான் அமைதியாகத்தான் இருந்தேன். அடுப்பை அணைத்தேன். அவ்வளவுதான் செய்தேன், அடுப்பைத்தான் அணைத்தேன். என் முகத்தில் அவர் என்ன கண்டாரோ தெரியாது. ஆறுதல் சொல்ல நினைத்திருப்பார். சட்டியை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு சொன்னார்:

“இதில என்னடா வெக்கம்? நீ என்ர தம்பி. உன்னைத் தப்பவைக்கத்தானே அண்டைக்கு வள்ளத்தால இறங்கினனான். எருமையளை முதல்நாளே அவிட்டு விட்டாச்சு. சும்மா சொன்னனான், நீ அழாமல் போவாய் எண்டு.”

அப்போதுதான் நான் கதவைச் சாத்தினேன்.

எனக்கு அவமானமாக இருந்தது, ஐயா. இவ்வளவு காலமும் நான் சொந்தக் காலில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கன்றுக்கு அவர் பொய், லெட்சுமணனுக்கு அவர் பொய், தயிருக்கு அவர் பொய். நான் உயிரோடிருப்பதும் அவர் சொன்ன ஒரு பொய்யால்தான் என்று, மாட்டுச் சாணம் மணக்க நின்றுகொண்டு, சிரித்துச் சொல்கிறார். அந்த எருமைக் கதையை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தால் இன்று அவர் பால் கறந்துகொண்டிருப்பார். ஒரு மனிதன் தன் நன்மையை இன்னொருவன்மேல் இப்படிக் கொட்டலாமா? நீங்களே யோசித்துப் பாருங்கள். இதையும் கோபம் என்று எழுதாதீர்கள். நான் அதைக் கணக்கு நேராக்கியது என்றுதான் சொல்வேன்.

கையைப் பற்றியும் நீங்கள் கேட்கத் தயங்கினீர்கள். நான் தயங்கவில்லை. அவர் மூச்சு நின்றபின் விறகுக் கோடாலியை எடுத்து வந்தேன். முழங்கையில் ஏற்கெனவே முறிந்திருந்ததால் சிரமம் அதிகம் இருக்கவில்லை. கையைப் பச்சைத் தண்ணீரில் மட்டும் கழுவினேன். சவர்க்காரம் போடவில்லை, போட்டால் தோலில் இருக்கிற உயிர்கள் செத்துவிடும், சோதனை பிழைத்துவிடும். இரண்டு புதுச் சட்டிகளில் இளஞ்சூட்டுப் பால் வார்த்தேன். உறை ஊற்றவில்லை. ஒன்றுக்குள் அந்த மூன்று விரல் கையை வைத்து, வெள்ளைத் துணியால் மூடினேன்.

சோதனை என்றால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று வேண்டும். அதனால் மற்றச் சட்டிக்குள் என் கையை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். கைராசி என்பது வெறும் பேச்சு, இரண்டும் ஒரேமாதிரித்தான் வரும் என்று ஊருக்குக் காட்டுவதுதான் நோக்கம். வேறு நோக்கம் இல்லை. அண்ணி மத்தியானச் சாப்பாட்டுக்கு அவரைக் கூப்பிட வந்து கதவைத் தள்ளியபோதும் அப்படியே இருந்தேன். அசைய வேண்டாம், பால் குழம்பிவிடும் என்றுகூடச் சொன்னேன். அவர் போட்ட சத்தத்தில் அது கேட்டிருக்காது. பொலிஸ் வந்து என்னை இழுத்து எழுப்பியபோது பால் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

இரண்டு சட்டிகளையும் அவர்கள்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். கேட்டால் ஒருவரும் பதில் சொல்கிறார்கள் இல்லை. என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்கிறார்கள். நீங்கள் சட்டத்தரணி, கேட்டால் உங்களுக்குச் சொல்வார்கள். கோபம், சதி, தூக்கு, எது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்து வைக்கிறேன். எனக்கு இந்த ஒன்றை மட்டும் அறிந்து வந்து சொல்லுங்கள். அண்ணனின் சட்டியைப் பற்றிக் கேட்கத் தேவையில்லை, அது உறைந்திருக்கும்.

என்னுடையது உறைந்ததா, ஐயா?